சகலையின் மாத்திரை

கோட்டுக்காரர் என்றால் பெயின்ட் வேலை செய்யும் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். சுவரில் மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் என்று அடிக்கும்போது நடுவில் ஒரு கோடு வருமே, அதை ஒட்டுநாடா இல்லாமல், நூல் பிடிக்காமல், வெறும் பிரஷை வைத்து ஒரே இழுப்பில் இழுத்துவிடுவார். மூச்சை அடக்கிக்கொண்டு சாரத்தின் மேல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போவார். கோடு அவர் பின்னாலேயே வரும். கை அப்படி நேராகப் போன மனுஷனுக்கு மனசு மட்டும் ஒரே ஒரு இடத்தில் கோணிக்கொள்ளும். அந்த இடத்துக்குப் பெயர் சகலை.

சகலை என்றால் மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டு வந்தவன். அவன் வருகிற வரைக்கும் மாமனார் வீட்டில் இவர் ஒருவர்தான் மாப்பிள்ளை. மாமியார் வாசல் வரைக்கும் வந்து, "வாங்க மாப்பிள்ளை" என்று கூப்பிடுவார். அவன் வந்த பிறகு, "வாங்க பெரிய மாப்பிள்ளை" என்று ஆகிவிட்டது. 'பெரிய' என்று சேர்த்தது மரியாதைக்கு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தன் இடத்தில் பாதியை இன்னொருத்தன் எடுத்துக்கொண்டான் என்பதற்கு அதுதான் அத்தாட்சி என்று இவருக்கு மட்டும் புரிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவனை பெயின்ட் வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவரே இவர்தான். மாமனார் கேட்டுக்கொண்டார், மறுக்க முடியவில்லை. வந்தவன் பக்கெட் தூக்கிக்கொண்டு, வண்ணம் கலந்துகொண்டு ஒழுங்காக இருந்திருந்தால் வம்பில்லை. அவனுக்குக் கண் இருந்தது. இவர் மேலே நின்று கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது கீழே இருந்து தலையைச் சாய்த்துப் பார்ப்பான்.

"அண்ணே, இடது பக்கம் ஒரு நூல் இறங்குது."

நூல் என்றால் அரைக்கால் அங்குலம்தான். இவருக்குக் காதில் புகை வரும். "அப்ப நீயே வந்து போடு!" என்பார் திரும்பாமலே.

வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொள்வான். அவன் நிஜமாகவே பிரஷை வாயில் கவ்விக்கொண்டு ஏற ஆரம்பித்துவிடுவான். அவன் கால் வைத்தால் சாரம் ஒரு குலுக்குக் குலுக்கும். அந்தக் குலுக்கல் தெரிந்ததும் இவர் அவசர அவசரமாக ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கோட்டைத் திருத்திப் போட்டுவிடுவார். அவன் மேலே வந்து சேரும்போது கோடு நேராக இருக்கும். "நான்தான் தப்பா பார்த்துட்டேன்போல" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கண்டாலே இவருக்கு ஆகாது.

அக்காவும் தங்கையும் பிரிய மாட்டோம் என்று ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். கீழ்த்தளத்தில் இவர் குடும்பம், மாடியில் அவன் குடும்பம். வேலைக்குப் போனால் காலுக்குக் கீழே அவன், வீட்டுக்கு வந்தால் தலைக்கு மேலே அவன். ஓடி ஒளிய இடமே கிடையாது.

ஒரு பள்ளிக்கூடத்து வெளிச்சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தபோது இருவரும் சேர்ந்தாற்போல் விழுந்தார்கள். சாரத்தில் இருவரும் நின்றிருந்த பலகை முறிந்துவிட்டது. இவருக்கு வலது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு, அவனுக்கு இடது காலில் அதே எலும்பு. கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒரே மாதிரி உடைந்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்ததும் ஆட்கள் அவனை முதலில் தூக்கி ஏற்றினார்கள். உயிர் போகிற வலியிலும் இவர் அதைக் கவனித்தார்.

ஒரே எலும்பு டாக்டர் இருவருக்கும் காலுக்குள் கம்பி வைத்தார். ஒரே ஆட்டோவில் மாதாமாதம் காட்டிவிட்டு வந்தார்கள். முதல் தடவை எக்ஸ்ரே எடுத்தபோது இருவருக்கும் எலும்புக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. அதில் இவருக்கு ஒரு நிம்மதி. அடுத்த தடவை அவனுடைய கோட்டைச் சுற்றி வெள்ளையாகப் புகைபோல் ஏதோ படர்ந்திருந்தது. இவருக்குக் கோடு அப்படியே இருந்தது.

"இது புது எலும்பு. அருமையா சேர்ந்துட்டு வருது" என்று டாக்டர் அவன் தோளில் தட்டினார். இவர் பக்கம் திரும்பி, "உங்களுக்குக் கொஞ்சம் மெதுவா இருக்கு. பார்ப்போம்" என்றார்.

பார்ப்போம், பார்ப்போம் என்றே மாதங்கள் ஓடின. வாழ்நாள் முழுக்கக் கோடு போட்டுப் பிழைத்தவருக்குத் தன் காலுக்குள் இருந்த ஒரு கோட்டை அழிக்க வழி தெரியவில்லை.

கீழே கட்டிலில் படுத்துக்கொண்டு மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கு வெள்ளை அடித்தவரும் அவர்தான். மேலே அவன் நடப்பது கேட்கும். ஆரம்பத்தில் ஊன்றுகோல் சத்தம் இரண்டு, பிறகு ஒன்று. ஒரு நாள் ஊன்றுகோல் சத்தமே இல்லை. இரண்டு கால்களும் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. யாரோ தன் நெஞ்சின் மேல் நடப்பதுபோல் இருந்தது இவருக்கு.

"தங்கச்சி வீட்டுக்காரரு இன்னிக்கு கடைக்கே நடந்து போயிட்டு வந்துட்டாராம்" என்றாள் மனைவி, தண்ணீர் கொண்டு வந்து வைத்தபடி.

"போகட்டுமே. கடை என்ன மலை உச்சியிலயா இருக்கு?"

"நல்லதுதானே சொல்றேன். அதுக்கு ஏன் இப்படி எரிஞ்சு விழறீங்க?"

"யாரு எரிஞ்சு விழறது? எனக்கென்ன!" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். வயிறு எரிந்தது. அதற்கு வேறு பேரே கிடையாது, பொறாமைதான். அது இவருக்கும் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மாத்திரையைப் பார்த்தார். ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கும்போது சகலை முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து மிளகு அளவுக்கு ஏதோ ஒன்றை எடுத்து வாயில் போட்டு, தண்ணீர் இல்லாமலே விழுங்கினான்.

"என்னப்பா அது?"

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா." மாத்திரை அட்டையைச் சட்டென்று உள்ளே தள்ளிவிட்டான்.

சும்மா யாராவது மாத்திரை விழுங்குவார்களா? இவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரே உடைப்பு, ஒரே கம்பி, ஒரே டாக்டர். அவனுக்குச் சேர்கிறது, தனக்குச் சேரவில்லை. தனக்கு எழுதிக் கொடுக்காத ஒரு மாத்திரை அவனிடம் இருக்கிறது. அதையும் மறைத்து மறைத்துப் போட்டுக்கொள்கிறான். அப்படியானால் அது எலும்பு சேர்கிற மாத்திரையாகத்தானே இருக்க வேண்டும்! டாக்டரைக் கைக்குள் போட்டுக்கொண்டு வாங்கியிருக்கிறான். டாக்டரிடமே கேட்டிருக்கலாம். கேட்டால், தான் அவனைக் கவனித்துக்கொண்டிருப்பது தெரிந்துபோகுமே!

அடுத்த வாரம் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, இரண்டு ஊன்றுகோலையும் ஊன்றிக்கொண்டு பின்பக்கம் போனார். இரு வீட்டுக்கும் பொதுவான குப்பைத்தொட்டி அங்கே இருந்தது. ஒரு கட்டிடத்துக்கே வண்ணம் தீர்மானிக்கிற மனுஷன் காய்கறித் தோலுக்குள் கையை விட்டுத் துழாவினார். காலி அட்டை ஒன்று கிடைத்தது. துடைத்து மடியில் வைத்துக்கொண்டபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மருந்துக்கடைக்காரன் அட்டையைப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க?" என்றான்.

"வீட்டுல பெரியவங்களுக்கு" என்று கூசாமல் சொன்னார். அவர்தானே வீட்டில் பெரியவர்.

சகலை ஒன்று போடுகிறான் என்றால் தான் பின்தங்கியிருப்பதற்கு இரண்டு போட வேண்டும் என்று அவரே கணக்குப் பண்ணிக்கொண்டார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. நடுவில் ஒரு நாள் சவரம் செய்யும்போது கன்னத்தில் லேசாகக் கீறிவிட்டது. துண்டு முழுக்க ரத்தமானது. ரத்தம் நன்றாக ஓடுகிறது, மாத்திரை வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

எலும்பு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டி வெகுநேரம் பார்த்தார்.

"இனிமே காத்திருந்து பிரயோஜனம் இல்ல. ஒண்ணு செய்யலாம். உங்க ரத்தத்தையே எடுத்து மெஷின்ல வச்சு சுத்துவோம். அதுல தட்டணுன்னு ஒண்ணு தனியா பிரியும். பிளேட்லெட்டுன்னு சொல்றாங்களே, அதுதான். உடம்புல எங்க அடிபட்டாலும் முதல்ல ஓடி வந்து நிக்கறது அது. ரத்தத்தை உறைய வைக்கறதோட நிக்காது. வாங்க, இங்க வேலை இருக்கு, கட்டுங்கன்னு மத்த செல்லையெல்லாம் கூப்பிடற சத்தும் அதுக்குள்ள இருக்கு. அதை ஜெல்லி மாதிரி திரட்டி, இடுப்பு எலும்புல கொஞ்சம் சுரண்டி அதோட கலந்து, சேராத இடத்துல அடைச்சிடுவோம்."

"சேர்ந்துடுமா டாக்டர்?"

"கைதூக்கி விடும். சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இதுலயும் சேரலேன்னா சாரத்துல ஏறறதை நீங்க மறந்துட வேண்டியதுதான்."

வேறு யாராக இருந்தாலும் அந்தக் கடைசி வார்த்தைதான் முதலில் காதில் விழுந்திருக்கும். இவருக்கு விழுந்தது 'உங்க ரத்தம்' என்பதுதான். வீடு வந்து சேர்வதற்குள் பேச்சு பெரிதாகிவிட்டது. மாமனார், மாமியார் எல்லோரையும் உட்கார வைத்துக்கொண்டு அள்ளி விட்டார். "வெளியில வாங்கற மருந்து இல்ல மாமா. என் ரத்தத்துலேருந்தே தயார் பண்றாங்க. எல்லாருக்கும் செய்ய மாட்டாங்களாம்." சகலை ஒரு ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். "எனக்கு வெறும் கம்பிதான்ணே" என்றான். அந்த ஒரு வாக்கியத்தை இவர் இரண்டு நாள் மனசுக்குள் வைத்து ருசித்தார். சாரத்தைப் பற்றிய பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்ததும் நன்றாகவே வந்தது. வண்ணம் கலந்துகொண்டு கீழே நிற்கிறவனாகத் தான் ஆகிவிட்டால், மேலே ஏறிக் கோடு போடப்போவது யார்? அவன்தானே!

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பரிசோதனைக்காக ரத்த வங்கிக்குப் போனார்கள். மனைவியும் மைத்துனியும் கூட வந்தார்கள். சகலையும் வந்தான், ஊன்றுகோல் இல்லாமல், இவருடைய பையைத் தூக்கிக்கொண்டு. சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு சாய்வு நாற்காலி, மூலையில் மூடி போட்ட சுழற்றும் மெஷின். அங்கே இருந்த அம்மாள் முழங்கை மடிப்பில் ஊசி குத்திக் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டு, பஞ்சை வைத்து, "அழுத்திப் பிடிங்க" என்றார்.

இவர் பிடித்தார். அந்த அம்மாள் குழாயில் சீட்டு ஒட்டிவிட்டுத் திரும்பினார். பஞ்சு சிவந்திருந்தது. புதுப் பஞ்சு வைத்தார். அதுவும் சிவந்தது. மூன்றாவது பஞ்சை அவரே அழுத்திக்கொண்டு இவர் முகத்தைப் பார்த்தார்.

"ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"டாக்டர் குடுத்ததுதான்."

"அது எனக்குத் தெரியும். அது தவிர? ரத்தம் உறையாம இருக்கறதுக்கு ஒரு சின்ன மாத்திரை இருக்கு. அது பட்ட தட்டணு அதோட சரி, மந்தமாயிடும். அது செத்து, புதுசு ஊறி வரணும். அப்படிப்பட்ட ரத்தத்தை எடுத்து ஜெல்லி பண்ணி எலும்புல வச்சா, தூங்கறவனைக் கொண்டு போய் வேலைக்கு நிறுத்தின மாதிரிதான். நாளைக்கு உங்க எலும்பைத் திறந்துட்டு யாரும் வருத்தப்பட முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

சின்ன மாத்திரை. சொன்னால் நாளைக்கு ஆபரேஷன் இல்லை, இரு பெண்கள் முன்னால் மானமும் இல்லை. சொல்லாவிட்டால் காலே இல்லை. அட்டை அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. கை தானாகப் பையை மூடிக்கொண்டது.

சகலை பஞ்சைப் பார்த்தான். இவர் கன்னத்தில் காய்ந்திருந்த கீறலைப் பார்த்தான். பையின் மேல் இருந்த கையைப் பார்த்தான். அவன் முகம் மாறியதை இவர் மட்டும்தான் கண்டார்.

"நான்தாங்க குடுத்தேன்" என்றான் அவன். "தலைவலின்னு சொன்னாரு. என்கிட்ட ஏதோ மாத்திரை கிடந்துச்சு. பேரு கூடப் பார்க்கல. ஒண்ணு ரெண்டு குடுத்திருப்பேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

அந்த அம்மாள் அவனைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். படித்துப் பார்க்காமல் ஒருத்தருக்கு மாத்திரை கொடுப்பதா, அறிவு வேண்டாமா என்று விளாசினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டான். ஆபரேஷனைத் தள்ளிவைக்க டாக்டரிடம் சொல்லிவிடுவதாக அந்த அம்மாள் சொன்னார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்துவிட்டது. கால் பிழைத்தது, மானமும் பிழைத்தது. இவர் வாயை மட்டும் மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அப்போது மனைவி தன் தங்கையிடம் மெல்லச் சொன்னாள்: "பாவம், உதவி செய்யப் போயி திட்டு வாங்கறாரு. நல்ல மனசுடி அவருக்கு."

நல்ல மனசு! எலும்பும் அவனுக்கு, நடையும் அவனுக்கு, முதலில் ஆம்புலன்ஸில் ஏறியதும் அவன். இப்போது நல்லவன் என்ற பேரும் அவனுக்கா? இவரை மன்னித்துவிட்ட மாதிரி அங்கே நின்றுகொண்டு, சிரிக்காமல் நின்றுகொண்டு! அதை மட்டும் இவரால் தாங்க முடியவில்லை.

"அவன் ஒண்ணும் குடுக்கல!" என்று கத்தினார். அட்டையை எடுத்து மேஜை மேல் எறிந்தார். "இது அவன் தினமும் திருட்டுத்தனமா போட்டுக்கற மாத்திரை. எலும்பு சேர்ற மாத்திரைய என்கிட்டேருந்து மறைச்சுட்டான். நான்தான் குப்பைத்தொட்டியில அட்டையைத் தேடி எடுத்து, கடையில காட்டி வாங்கிப் போட்டேன். தினம் ரெண்டு. போதுமா?"

அந்த அம்மாள் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது எலும்புக்கு இல்லீங்க" என்றார். குரலில் இருந்த கோபம் போய்விட்டது. சகலையைப் பார்த்துக் கேட்டார்: "தினமும் போடறீங்களா? இதயத்துல எதாவது பிரச்சினையா?"

மைத்துனி புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"ரத்தக்குழாயில அடைப்பு இருக்குன்னாங்க" என்றான். "விழறதுக்கு முன்னாடியே. மாத்திரையிலயே ஓட்டிடலாம்னு நினைச்சேன்."

"வீட்டுல சொல்லலையா?"

"சொன்னா சாரத்துல ஏற விடுவாங்களா?"

இவருக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விட வேண்டும்போல் இருந்தது. இத்தனை மாதமாக உட்கார்ந்தால் எழுந்தால் பொறாமைப்பட்டது ஒரு பழுதான இதயத்தைப் பார்த்தா! அவன் சொன்ன பொய் இவர் மானத்தைக் காப்பாற்றியது, அவனுடைய ரகசியத்தையும் காப்பாற்றியது. தான் சொன்ன உண்மை ஒன்றையும் காப்பாற்றவில்லை.

மாத்திரையை நிறுத்தி, புது ரத்தம் ஊறுகிற வரைக்கும் காத்திருந்து, பிறகு இவருக்கு ஆபரேஷன் நடந்தது. அன்று அந்த அம்மாள் ஒரு கிண்ணத்தைக் காட்டினார். வெளிர் மஞ்சளில் ஏதோ தளதளவென்று ஆடிக்கொண்டிருந்தது. "இதுதான் உங்க தட்டணு. இப்ப நல்லா முழிச்சிருக்கு" என்றார். தன் உடம்பிலிருந்து வந்த பொருள் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. யாரிடமாவது காட்டிப் பெருமையடித்துக்கொள்ள வேண்டும் என்று வாசல் பக்கம் பார்த்தார். சகலை அங்கே இல்லை. அதே ஆஸ்பத்திரியில் வேறு கட்டிடத்தில் அவனுக்கு இதயக் குழாயைத் திறந்துகொண்டிருந்தார்கள். மாமியார் அங்கே போயிருந்தார். இவர் காலைத் திறக்கிற நாளில் அவன் நெஞ்சைத் திறக்கிறார்கள், இதிலும் அவனுக்குத்தான் கூட்டம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததற்காக வெட்கப்பட்டார். ஆனாலும் வந்தது.

எலும்பு சேர்ந்தது. சில மாதங்களில் எக்ஸ்ரேயில் அந்தக் கறுப்புக் கோட்டைத் தேட வேண்டியிருந்தது. வீட்டுக்குக் கொண்டு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். மாடியில் காலடிச் சத்தம் மெதுவாகத்தான் கேட்டது.

நல்ல பேரும் கிடைத்தது. மைத்துனி ஒரு நாள் கீழே வந்து கண்கலங்க நின்றாள். "அத்தான், அன்னிக்கு நீங்க வாயைத் திறக்கலேன்னா இவரு எங்களை விட்டுப் போயிருப்பாரு. உங்களை என் வாழ்நாள்ல மறக்க மாட்டேன்." மாமனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், பெரிய மாப்பிள்ளை தன் மானத்தையே பார்க்காமல் உண்மையைச் சொன்னவர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவர் அதை மென்று விழுங்கினார். தான் எதற்காக வாயைத் திறந்தோம் என்று தன்னைத் தவிர ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட இவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பழையபடி வேலைக்குப் போனார்கள். நீளமான ஒரு நடைக்கூடம், மேலே வெள்ளை, கீழே சாம்பல். சகலையை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், மேஸ்திரி சொல்லியிருந்தார், அவன் மனைவி தினமும் காலையில் வாசலில் நின்று சொல்லி அனுப்பினாள். அவன் கீழே வாளியில் சாம்பல் வண்ணத்தைக் கலக்கிக்கொண்டிருந்தான். சாரத்தில் இவர் மட்டும்தான். ஆசைப்பட்டபடியே.

மூச்சை அடக்கிக்கொண்டு பிரஷை இழுத்தார். சேர்ந்த கால் நன்றாகத் தாங்கியது. பாதிச் சுவர் தாண்டியிருக்கும்.

"அண்ணே, இடது பக்கம் ஒரு நூல் இறங்குது."

"அப்ப நீயே வந்து போடு!"

சொல்லிவிட்டார். பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. கீழே வாளியில் குச்சி சுற்றுகிற சத்தம் நின்றது. இவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. பிரஷைச் சுவரில் வைத்தபடி, காலுக்கு அடியில் இருந்த பலகை குலுங்குகிறதா என்றே கவனித்துக்கொண்டு நின்றார். பிரஷ் நுனியிலிருந்து சாம்பல் நிறம் கோட்டுக்குக் கீழே மெல்ல வழிந்து இறங்கியது.

சாரம் ஆடவில்லை.